கடற்பயண ஓவியர்களின் படங்கள்: எது கண்ணால் கண்டது, எது பட்டறையில் சேர்ந்தது?

வரைதாள் (கேள்வி):

18, 19-ஆம் நூற்றாண்டுக் கடற்பயணங்களில் கப்பலோடு போன ஓவியர்களின் படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரிக் குறிப்பு எழுதும் வேலை. பிரிட்டிஷ் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் மூன்று பயணங்கள், பிரெஞ்சுக்காரர் போடெனின் பயணம், ஆஸ்திரேலியக் கரையை அளந்த ஃபிளிண்டர்ஸின் பயணம், டார்வின் போன பீகிள் கப்பல் வரை எடுத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் மூன்று இடத்தில் முட்டுகிறது.

பறித்த பூ சில மணி நேரத்தில் நிறம் மாறிவிடும். ஒரே நாளில் முப்பது நாற்பது செடிகள் கப்பலுக்கு வந்தால், ஒற்றை ஆள் எப்படி அத்தனைக்கும் வண்ணம் தீட்டினார்? தீட்டவில்லை என்றால், இப்போது நாம் பார்க்கும் நிறம் எங்கிருந்து வந்தது?

அடுத்தது கரைத்தோற்றம். கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும்போது நீளமாக வரைந்த கடற்கரைப் படங்கள். அவற்றில் மலைகளின் உயரத்தையும் இடைவெளியையும் எவ்வளவு நம்பலாம்?

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. ஒரே காட்சி பென்சில் தாளில் ஒரு மாதிரி, நூலில் அச்சான படத்தில் வேறு மாதிரி இருக்கிறது. எது ஓவியர் கை, எது அச்சுக்காகச் செப்புத்தகட்டில் படத்தை வெட்டும் செதுக்குநர் கை என்று படத்தைப் பார்த்தே பிரிக்க வழி உண்டா?

தாவரக்கோடு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான செடிகளுக்கு அந்த இடத்தில் முழு வண்ணம் தீட்டவே இல்லை. தீட்டத் தேவையில்லாத முறையைக் கையாண்டார்கள். அந்த முறை ஆளுக்கு ஆள் வேறு.

குக்கின் முதல் பயணத்தில், எண்டெவர் கப்பலில் (1768–1771) போன சிட்னி பார்க்கின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தன் செலவில் அழைத்துப்போன தாவர ஓவியர். நிலக்காட்சியும் மனிதர்களும் வரைய அலெக்சாண்டர் பக்கன் என்று இன்னொருவர் இருந்தார். தாஹித்தி போய்ச் சேர்ந்த நாலாம் நாள், 1769 ஏப்ரல் 17 அன்று, அவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வேலையில் பெரும்பகுதி பார்க்கின்சன் தலையில் விழுந்தது. பேங்க்ஸின் செயலர் ஹெர்மன் ஸ்போரிங்கும் கைகொடுத்தார். தாஹித்திக்குப் பிந்தைய செடிகளில் அரைகுறைப் படங்கள் ஏன் இத்தனை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்கின்சன் செய்தது இப்படி: முழுச் செடியையும் பென்சிலில் கோடாக வரைவார். ஒரு இலை, ஒரு பூவிதழ், ஒரு காய் என்று நிறத்துக்கு ஒரு துண்டுக்கு மட்டும் நீர்வண்ணம் வைப்பார். மீதியைத் தாளிலேயே சொல்லால் எழுதிவிடுவார்: இலையின் மேல்பக்கம் இன்ன பச்சை, அடிப்பக்கம் வெளிறியது, நரம்பு மஞ்சள் என்று. செடிகள் வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் தாவரவியல் விரிகுடாவுக்குப் (பாட்டனி பே) பிறகு 1770 மே 12 அன்று பேங்க்ஸ் எழுதிய கணக்கு இருக்கிறது: 14 நாளில் ஒரே ஓவியர் 94 கோட்டுப்படங்கள். நாளைக்கு ஏழு என்று வைத்துக்கொண்டால், பகல் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைத்திருக்காது. அந்த வேகத்தில் முழு வண்ணத்துக்கு இடமே இல்லை.

பயணம் முழுக்க அவர் வரைந்த தாவரப் படங்கள் 900-க்கும் மேல். வண்ணம் முழுமையடைந்தவை 300-க்கும் குறைவு. பட்டேவியாவை (இன்றைய ஜகார்த்தா) விட்டுக் கிளம்பிய பின் 1771 ஜனவரியில் வயிற்றுக்கடுப்பில் கடலிலேயே இறந்தார். ஆகவே அந்தச் சொற்குறிப்புகளை நிறமாக மாற்றியது அவரல்ல. லண்டனில் பேங்க்ஸ் அமர்த்திய வேறு ஓவியர்கள் அவருடைய தாளையும் காய்ந்த செடியையும் வைத்துக்கொண்டு புதிதாக வரைந்தார்கள். அதைப் பார்த்து 18 செதுக்குநர்கள் 743 செப்புத்தகடுகள் வெட்டினார்கள். தகடுகள் வண்ணத்தில் அச்சாகி வெளிவந்தது 1980-க்கும் 1990-க்கும் இடையில்தான். நீங்கள் வைத்திருப்பது அந்த வண்ண அச்சு என்றால், “பார்க்கின்சன் தீட்டிய வண்ணம்” என்று எழுதாதீர்கள். கோட்டின் மூலம் அவர். நிறத்துக்கு வழிகாட்டி அவர். அச்சில் இருக்கும் மை இருபதாம் நூற்றாண்டு.

ஃபெர்டினாண்ட் பாவரின் வழி வேறு. ஃபிளிண்டர்ஸ் தலைமையில் போன இன்வெஸ்டிகேட்டரில் (1801–1803) அவர் தாவர, விலங்கு ஓவியர். பென்சில் கோட்டின்மேல், நிறம் மாறும் ஒவ்வொரு சிறு பகுதியிலும் ஒரு எண் போடுவார். ஒரே இலையில் ஐந்தாறு எண்கள் இருக்கும். இளமையில் 140 நிறங்கள் கொண்ட எண் அட்டையில் தொடங்கியவர், ஆஸ்திரேலியத் தாள்களில் ஆயிரத்தை நெருங்கும் எண்கள் வரை போயிருக்கிறார். இப்படி 2000-க்கும் மேற்பட்ட கோட்டுப்படங்கள். லண்டன் திரும்பிய பின் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அதே எண்களைப் பார்த்து வண்ணம் தீட்டினார். அதாவது, நிறத்தைக் கண்டவரும் தீட்டியவரும் ஒரே ஆள். பார்க்கின்சனுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. பாவர் படத்தின் கீழ் “களத்தில் எண்ணிட்டது, லண்டனில் தீட்டியது” என்று இரண்டையும் எழுதினால் சரியாக இருக்கும்.

பழைய நீர்வண்ணத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்துப் பச்சை பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் கலந்தது. கேம்போஜ் என்ற மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்தால் இலை நீலம் பாய்ந்து தெரியும். அவுரி நீலம் வெளுத்தால் பழுப்பேறித் தெரியும். சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் படாமல் மறைந்திருந்த ஓரம் படத்தில் தெரிகிறதா பாருங்கள். அங்கே இருக்கும் பச்சைதான் முதல் பச்சைக்குக் கிட்டத்தட்ட வரும்.

நங்கூரம்:

கரைத்தோற்றம் பற்றி. இது அழகுக்கு வரைந்தது அல்ல, அடுத்து வரும் மாலுமி கரையை அடையாளம் காண வரைந்தது. அதனால்தான் மேலே “இன்ன முனை வடகிழக்கே, 3 லீக் தொலைவு” என்று எழுதியிருக்கும். ஒரு லீக் 3 கடல்மைல், ஏறக்குறைய 5.5 கி.மீ. அந்தக் குறிப்பு இல்லாமல் படம் மட்டும் இருந்தால் பாதி மதிப்புதான்.

கப்பல் ஓடும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 5 கடல்மைல் வேகம், கரை 6 கடல்மைல் தள்ளி. 12 நிமிடத்தில் கப்பல் ஒரு கடல்மைல் போகும். நேர்பக்கத்தில் இருந்த குன்று அதற்குள் 9 டிகிரிக்கு மேல் பின்னே போய்விடும். அதன் பின்னால் 20 கடல்மைல் தள்ளி நிற்கும் மலை 3 டிகிரிகூட நகராது. அப்போது முன்குன்றும் பின்மலையும் இடம் மாறி நிற்கும். எனவே கோடு முழுவதையும் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் பிடித்துவிட வேண்டும். அதற்கு ஒரே வழி முதலில் கோணங்கள், பிறகு கோடு.

கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டண்டைப் படுக்கையாகப் பிடித்து, இடது கோடி முனையிலிருந்து ஒவ்வொரு சிகரத்துக்கும் கோணம் எடுப்பார்கள். திசைகாட்டியில் ஒரு முனைக்கு மட்டும் திசை. தாளில் டிகிரிக்கு 5 மி.மீ. என்று அளவு வைத்துக்கொண்டால், 40 டிகிரிக் கரை 200 மி.மீ. நீளத்தில் அடங்கும். சிகரங்களுக்குப் புள்ளி வைத்துவிட்டால் நடுவில் கோட்டை ஓட்டுவது எளிது. நிழல், காடு, பாறை எல்லாம் பிறகு.

இடைவெளி இப்படி அளந்து வந்ததால் பெரும்பாலும் நம்பலாம். உயரம் அப்படியல்ல. அது கண்ணளவில் வந்ததாக இருக்கும், கண் எப்போதும் கூட்டித்தான் காட்டும். 300 மீட்டர் குன்று 6 கடல்மைல் தொலைவில் ஒன்றரை டிகிரி உயரம்தான். மேலே சொன்ன அளவில் தாளில் 8 மி.மீ. வர வேண்டும். படத்தில் 20 மி.மீ. இருந்தால் இரண்டரை மடங்கு தூக்கியிருக்கிறார்கள். இதைப் பிழை என்று எழுத வேண்டாம். அடையாளம் தெரிய வேண்டும் என்று அறிந்தே தூக்குவதும் உண்டு. ஆனால் “அளவு பிசகாத படம்” என்றும் எழுதாதீர்கள்.

பூமி வளைவையும் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். கண் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், 12 கடல்மைல் தொலைவில் கரையின் கீழ் 12 மீட்டர் தெரியாது. அவ்வளவு தூரம் என்று எழுதிவிட்டு, மணற்பரப்பும் அதில் ஆட்களும் வரைந்திருந்தால், முன்பக்கம் பின்னால் சேர்த்தது.

தேதியிலும் கவனம் வேண்டும். அன்றைய கப்பல் நாள் நண்பகலில் தொடங்கும், அதுவும் நம் நாட்காட்டிக்கு 12 மணி நேரம் முன்னதாக. அதனால் பிற்பகல் நிகழ்ச்சி கப்பல் குறிப்பில் மறுநாள் தேதியில் விழும். தாவரவியல் விரிகுடாவில் இறங்கிய நாளை குக் 1770 ஏப்ரல் 29 என்றும் பேங்க்ஸ் 28 என்றும் எழுதியதற்கு இதுதான் காரணம். இரண்டு படக்குறிப்பில் இரண்டு தேதி வந்தால் அடித்துத் திருத்துவதற்கு முன் யார் கணக்கு என்று பாருங்கள்.

வரைதாள்:

இருவருக்கும் நன்றி. உயரக் கணக்கை மூன்று படங்களில் போட்டுப் பார்த்தேன், மூன்றிலும் தூக்கியிருக்கிறது.

தாவரக்கோடு அவர்களே, பாவரின் எண் முறையைப் பார்வையாளர்கள் தாங்களே செய்து பார்க்கும்படி ஒரு பயிற்சி வைக்கலாமா என்று யோசனை. ஆயிரம் நிறம் வேண்டாம். சின்ன அட்டை ஒன்று செய்வது எப்படி, எங்கே சொதப்பும்?

செப்புத்தகடு:

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். படத்தைப் பார்த்தே பிரிக்க வழி உண்டு. அச்சுப் படத்தின் அடியோரத்தில் தொடங்குங்கள். இடது மூலையில் பெயரோடு “டெல்.” என்றிருந்தால் அவர் வரைந்தவர், “பின்க்ஸ்.” என்றிருந்தால் தீட்டியவர். வலது மூலையில் “ஸ்கல்ப்.” என்றிருப்பவர் செதுக்குநர். மூன்றும் லத்தீன் சொற்களின் சுருக்கம். நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தும் பெயர் வராமல் போவதுண்டு. ஓவியரின் படத்தைச் செதுக்குநருக்காகத் திருத்தி வரைந்து கொடுத்தவர் அவர். மனிதர்களின் உடல் கிரேக்கச் சிலையாக மாறுவது பெரும்பாலும் அந்தக் கையில்தான்.

வில்லியம் ஹாட்ஜஸ் இதற்கு நல்ல பாடம். குக்கின் இரண்டாம் பயணத்தில் (1772–1775) ரெசல்யூஷனில் போன கடற்படைத் துறை ஓவியர். மிடில்பர்க் என்று அன்று அழைத்த டோங்காவின் எவா தீவில் இறங்கும் காட்சியை ஷெர்வின் செதுக்க, குக்கின் 1777 பயண நூலில் போட்டார்கள். அதே கப்பலில் போன ஜார்ஜ் ஃபார்ஸ்டர் அதைப் பார்த்துக் கடுமையாக எழுதினார்: தென்கடலில் ஒருபோதும் இல்லாத முகவெட்டு, காற்றில் நெளியும் கிரேக்க ஆடை என்று. நேரில் கண்ட ஆளே மறுத்த படம். அதை எவா மக்களின் உடைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. ஹாட்ஜஸ் கப்பலில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த தலைப்படங்கள் இருக்கின்றன. முகத்துக்கு அவற்றைப் போடுங்கள்.

அடுத்த சோதனை இடவலம். செதுக்குநர் படத்தை அப்படியே தகட்டில் வெட்டினால் அச்சில் கண்ணாடிப் பிம்பமாக வரும். கவனமுள்ளவர்கள் தாளைத் திருப்பித் தடமெடுத்தோ கண்ணாடி வைத்தோ வெட்டுவார்கள். அவசரத்தில் விட்டதும் உண்டு. நத்தை ஓடோ சங்கோ இருந்தால் அதைப் பாருங்கள்: இடம்புரிச் சங்கு அச்சில் வலம்புரியாகிவிட்டிருந்தால் படம் புரண்டிருக்கிறது. கொடி சுற்றும் திசை, சட்டையின் பொத்தான் வரிசை, எல்லோரும் இடக்கையில் ஈட்டி பிடித்திருப்பது, விரிகுடாவின் வாய் எந்தப் பக்கம் என்பது எல்லாம் இதே வேலைக்கு உதவும்.

விலங்குகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஜார்ஜ் ஸ்டப்ஸின் கங்காரு (1772) புகழ்பெற்ற எண்ணெய் வண்ணப் படம், இப்போது கிரீன்விச்சில் இருக்கிறது. அவர் கங்காருவைப் பார்த்ததே இல்லை. கொண்டுவந்த தோலை ஊதிப் பெருக்கி வைத்துத் தீட்டியது. எண்டெவர் ஆற்றங்கரையில் பார்க்கின்சன் போட்ட பென்சில் கோடுகள்தான் நேரில் கண்டவை. அழகில் ஸ்டப்ஸ் ஜெயிப்பார்; குறிப்பில் பார்க்கின்சன்தான் முதலில் வர வேண்டும்.

ஜான் வெப்பரை (மூன்றாம் பயணம், 1776–1780) பொதுவாக நம்பலாம். 1778-ல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள நூட்கா விரிகுடாவில் ஒரு வீட்டின் உட்புறம் வரைந்துகொண்டிருந்தார். செதுக்கிய இரண்டு பெரிய மர உருவங்களை ஒருவர் பாயால் மறைத்துவிட்டார். வெப்பர் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைக் கழற்றிக் கொடுத்தார், பாய் விலகியது. மறுபடி வரையத் தொடங்கியதும் மறுபடி பாய். பொத்தான்கள் தீரும்வரை இது நடந்தது. தீர்ந்த பிறகு தடை இல்லை. அந்த உட்புறப் படத்தில் இரண்டு உருவங்களும் தெளிவாக இருப்பதற்கு அவர் கொடுத்த விலை அந்தப் பொத்தான்கள். உருவம் வரைய அந்த வீட்டார் அனுமதி தேவைப்பட்டது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள், அது படத்தில் தெரியாது. ஆனால் அதே வெப்பரின் “குக்கின் மரணம்” வேறு வகை. 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாயில் குக் கொல்லப்பட்டபோது வெப்பர் கரையில் நின்று பார்த்ததற்குச் சான்று இல்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு அமைத்த காட்சி.

தாவரக்கோடு:

எண் அட்டைக்கு வருகிறேன். 60 நிறம் போதும்.

வரையப் போகும் அதே தாளிலேயே அட்டையும் செய்யுங்கள். வேறு தாளில் செய்தால் அதே கலவை வேறு நிறமாகக் காயும். 15 மி.மீ. கட்டங்கள். இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு காவி என்று ஏழு வண்ணம் எடுத்து, தனியாகவும் இரண்டிரண்டாகக் கலந்தும் 20 கலவை தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று அடர்த்தியில் வைத்தால் 60. எண்ணுக்கு ஒழுங்கு வேண்டும்: முன் இரண்டு இலக்கம் கலவை, கடைசி இலக்கம் அடர்த்தி. 073 என்றால் ஏழாம் கலவை, மூன்றாம் அடர்த்தி. எண்ணைப் பார்த்ததும் நிறக் குடும்பம் மனதில் வர வேண்டும். தாறுமாறாக எண் போட்டால் களத்தில் அட்டையைத் தேடியே நேரம் போகும். முழுக்கக் காய்ந்த பிறகே எண் எழுதுங்கள். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும், ஈரத்தில் பொருத்தம் பார்த்தது நிற்காது.

களத்தில்: சாம்பல் நிற அட்டையில் ஒரே அளவில் இரண்டு சிறு துளை வெட்டுங்கள். ஒன்று இலைமேல், மற்றது நிறக்கட்டத்தின் மேல். சுற்றியுள்ள நிறங்கள் கண்ணை ஏமாற்றாமல் இருக்கத்தான் இது. நேர்வெயில் வேண்டாம், நிழல் போதும். இலைக்கு மேல்பக்கம், அடிப்பக்கம், நடுநரம்பு, ஓரம் என்று நாலு எண்ணாவது எடுக்க வேண்டும். பூவுக்கு நேரத்தையும் குறியுங்கள். காலையில் இருந்த நிறம் மாலையில் இருக்காது.

சொதப்பும் இடம் பளபளப்பு. வழவழப்பான இலை வானத்தைப் பிரதிபலிக்கும், எல்லோரும் நீலம் கூடிய எண்ணை எடுப்பார்கள். இலையைச் சாய்த்து மினுக்கம் போன பிறகு எடுக்கச் சொல்லுங்கள். மினுக்கத்தை எண்ணால் குறிக்க முடியாது, சொல்லால் எழுத வேண்டும். அட்டை ஒன்றை இருட்டில் வைத்துவிடுங்கள். கையில் புழங்கும் அட்டை வெளுக்கிறதா என்று ஒப்பிட அது வேண்டும்.

சொல்லால் நிறம் சொல்லும் வழியும் தொடர்ந்தது. பேட்ரிக் சைம் தொகுத்த நிறப்பெயர் நூலின் 1821 பதிப்பில் 110 நிறங்கள், பெரும்பாலானவற்றுக்கு விலங்கு, தாவரம், கனிமம் என எடுத்துக்காட்டு. பீகிளில் டார்வின் கையில் அது இருந்தது. டார்வின் குறிப்பில் வரும் விசித்திரமான நிறப்பெயர்கள் அங்கிருந்து வந்தவை. அவற்றைக் கவித்துவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேல்தளம்:

மேலே யாரும் தொடாத ஒன்று, பொருள்கள். படத்தின் காலத்தைச் சரிபார்க்க இது உதவும்.

நீர்வண்ணம் கட்டியாகக் கடையில் கிடைத்தது 1780 வாக்கில்தான். பார்க்கின்சன், ஹாட்ஜஸ், வெப்பர் மூவரும் கிளம்பியது அதற்கு முன்பு. நிறமியைக் கோந்தோடு அரைத்துச் சிப்பியிலோ கிண்ணத்திலோ வைத்துத்தான் தீட்டினார்கள். கோந்து கலந்த அந்த வண்ணம் ஈக்களுக்குத் தீனி. 1769 ஏப்ரலில் தாஹித்தியில், தாளில் வைக்க வைக்க ஈக்கள் வண்ணத்தைத் தின்றன என்று பேங்க்ஸ் எழுதியிருக்கிறார். மேசை, நாற்காலி, ஓவியர், படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொசுவலைக்குள் வைத்தார்கள். அதுவும் போதாமல் வலைக்குள்ளேயே ஈப்பொறி வைக்க வேண்டியிருந்தது. எண்ணெய் வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. தகரக் குழாய் 1841-ல்தான். குக் காலத்து ஓவியர் குழாயைப் பிதுக்குவது போல் யாராவது கற்பனைப் படம் போட்டுக்கொடுத்தால் நீக்கிவிடுங்கள். அதேபோல், காட்சியைத் தாளின் மேல் விழுவதுபோல் காட்டி வரைய உதவும் கேமரா லூசிடாவின் காப்புரிமை 1806. அதற்கு முந்திய பயணத்துக்கு அந்தக் கருவியைச் சொல்லாதீர்கள். 1789–1794-ல் நடந்த ஸ்பானிய மலாஸ்பினா பயணத்தில் இருந்தது கேமரா அப்ஸ்குரா, அது இருட்டுப் பெட்டி.

ஜெல்லிமீன்களுக்குத் தனி அவசரம். எடுத்த சிறிது நேரத்திலேயே குழைந்து வடிவம் இழக்கும். அந்தக் காலத்தில் சாராயத்தில் போட்டாலும் நிறம் நிற்காது. போடெனின் பயணத்தில் (1800–1804) அவற்றை வரைந்த சார்ல்ஸ்-அலெக்சாண்டர் லெசுயர் ஓவியராகச் சேர்ந்தவரே அல்ல. மனிதர்களை வரைந்த நிகோலா-மார்ட்டின் பெட்டியும் அப்படித்தான். இருவரும் துணைப் பீரங்கிக்காரர்களாகப் பதிவானவர்கள். நியமிக்கப்பட்ட மூன்று ஓவியர்கள் 1801-ல் மொரீஷியஸில் இறங்கிவிட்டதால் வேலை இவர்களிடம் வந்தது.

குளிர்ப் பகுதியில் பிரச்சினை தலைகீழ். ஸ்காட்டின் பயணங்களில் போன எட்வர்ட் வில்சனால் அண்டார்க்டிகாவில் (1901–1904, 1910–1912) வெளியே நீர்வண்ணம் தொடவே முடியாது, தூரிகை தாளில் படுவதற்குள் நீர் உறைந்துவிடும். மையும் உறையும். உறையாதது பென்சில் மட்டும். கையுறையைச் சில நிமிடம் கழற்றிக் கோடு, வானத்தின் நிறத்துக்குச் சொற்குறிப்பு, திரும்பக் கையுறை. கண்ணைக் காக்கும் பனிக்கண்ணாடியைக் கழற்றி வரைந்ததற்கு விலை பனிக்குருடு. அதில் அவர் கடுமையாகவே வதைபட்டார். வண்ணம் தீட்டியது குளிர்காலத்தில், உள்ளே விளக்கொளியில். ஆகவே அவர் படத்தின் தேதியும் காட்சியின் தேதியும் மாதக்கணக்கில் தள்ளி இருக்கும்.

வரைதாள்:

வில்லியம் வெஸ்டால் தாள்களில் சிலவற்றில் நீர்க்கறை. அது கப்பலில் பட்டதா, பிற்காலச் சேமிப்பில் வந்ததா? இன்னொன்று, தூப்பையா வரைந்ததாகச் சொல்லும் சிங்கறால் படத்தை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

நங்கூரம்:

வெஸ்டால் இன்வெஸ்டிகேட்டரில் நிலக்காட்சி ஓவியர், கிளம்பும்போது 19 வயது. கப்பல் இற்றுப்போனதால் திரும்பும் வழியில் போர்ப்பஸ் கப்பலில் ஏறினார். அது 1803 ஆகஸ்ட் 17 அன்று பவளத்திட்டில் மோதி உடைந்தது. படங்கள் நனைந்தன, கெட்டன. பாவர் சிட்னியிலேயே தங்கிவிட்டதால் அவருடைய தாள்கள் தப்பின. அதனால் 1803 ஆகஸ்டுக்கு முந்திய வெஸ்டால் தாளில் கடல்நீர்க் கறை என்றால் போர்ப்பஸ் என்று ஊகிக்கலாம். ஆனால் அந்தத் தாள் அந்தக் கப்பலில் இருந்தது என்று சேகரிப்பின் பதிவேடு சொன்னால் மட்டும் எழுதுங்கள். கறை மட்டும் போதாது.

செப்புத்தகடு:

தூப்பையாவைச் சேர்க்கலாமா என்று கேட்கவே வேண்டாம், கட்டாயம் சேருங்கள். ரையாட்டியா தீவின் பூசாரி, வழிகாட்டி மாலுமி. தாஹித்தியில் எண்டெவரில் ஏறி 1770-ல் பட்டேவியாவில் இறந்தார். மாவோரி ஒருவர் கையில் சிங்கறாலும் எதிரே ஐரோப்பியர் கையில் துணியும் இருக்கும் அந்த நீர்வண்ணப் படத்தை நெடுங்காலம் யார் வரைந்தது என்று தெரியாமல், வேறு பெயரில் குறித்துவைத்திருந்தார்கள். பேங்க்ஸ் 1812-ல் எழுதிய கடிதம் 1997-ல் கவனத்துக்கு வந்த பிறகுதான் வரைந்தவர் தூப்பையா என்று உறுதியானது. அதே கடிதத்தின்படி எதிரே நிற்பவர் பேங்க்ஸ். படத்தில் இருவரும் கொடுக்கும் பொருளை இறுகப் பிடித்துக்கொண்டே மற்றதை வாங்குகிறார்கள். அந்தப் பிடியை உற்றுப் பாருங்கள். லண்டன் பட்டறையில் இதைத் திருத்தியிருந்தால் முதலில் போயிருப்பது அதுதான். பழைய நூல்களிலிருந்து குறிப்பை எடுத்தால் பெயர் தவறாக வரும், கவனம்.

வரைதாள்:

மாதிரிக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

“டஸ்கி விரிகுடா, பிக்கர்ஸ்கில் துறை, நியூசிலாந்து. வில்லியம் ஹாட்ஜஸ், எண்ணெய் வண்ணம். 1773-ல் ரெசல்யூஷன் இங்கே நங்கூரமிட்டபோது நேரில் வரைந்தது. சாய்ந்த மரம் ஒன்றே கப்பலுக்கும் கரைக்கும் பாலம்.”

செப்புத்தகடு:

மரம் சரி. கரையை ஒட்டிக் கப்பலைக் கட்டியதால் அதன் மேலேயே நடந்து இறங்கினார்கள், படத்திலும் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். “1773-ல்” என்பதை “1773 மார்ச் இறுதி முதல் மே 11 வரை” என்று குறுக்குங்கள், கப்பல் அந்த விரிகுடாவில் இருந்தது அவ்வளவு நாள்தான். “நேரில் வரைந்தது” என்பதை “நேரில் கண்ட காட்சி” என்று மாற்றுங்கள்; எண்ணெய் வண்ணம் எத்தனை அமர்வில், எங்கே முடிந்தது என்பது படத்திலிருந்து தெரியாது.

ஐந்தாவதாக ஒரு வரி சேருங்கள். 2004-ல் இந்தப் படத்தை எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, பச்சைக் காட்டுக்கு அடியில் கடலில் மிதக்கும் இரண்டு பனிமலைகள் தெரிந்தன. ரெசல்யூஷன் அண்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டியது 1773 ஜனவரி 17. டஸ்கியை அடைந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. பனியில் தொடங்கிய அதே துணியின் மேல்தான் ஹாட்ஜஸ் காட்டைத் தீட்டியிருக்கிறார். எக்ஸ்-கதிர்ப் படம் கிடைத்தால் பக்கத்திலேயே, அதே அளவில் வையுங்கள்.